இயந்திரத்தை லீசுக்கு எடுப்பது: தவணைத் தொகைக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் கருவிகளை லீசுக்கு எடுக்கப் போவதாகச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது மாதத் தவணை எவ்வளவு என்பதைத்தான். துல்லியமான உலோக உதிரிபாகங்களைச் சிறு எண்ணிக்கையில் செய்து தரும் ஒரு நிறுவனத்தை நண்பர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியபோது, ஒப்பந்தங்களையும் வரவு செலவையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணினி நிரலால் இயங்கி உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி மில்லிங் இயந்திரம், அளவுச் சோதனைக் கருவி, கணினிகள் என மூன்று வகைப் பொருள்களுக்குத் தனித்தனி லீஸ் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, அவற்றில் சிலவற்றை முடித்துத் திருப்பியும் கொடுத்திருக்கிறோம். தவணைத் தொகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே தெளிவாக இருப்பதால் அதைப் பற்றி எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். ஆனால், பணம் கசிவது பெரும்பாலும் இயந்திரம் வந்து இறங்கும் நாளையும் அது திரும்பிப் போகும் நாளையும் பற்றிய பக்கங்களில்தான் என்பது நான் கண்ட அனுபவம். இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கங்களைப் பற்றியதே.

லீஸ் ஏன் என்ற கேள்விக்கு எங்களிடம் இருந்த விடை எளிமையானது. முதலீட்டாளர்களிடமிருந்து வந்த தொகையை இயந்திரத்தில் போட்டுவிட்டால், சம்பளத்துக்கும் மூலப்பொருளுக்கும், வாடிக்கையாளர் பணம் தரும்வரை காத்திருக்கும் காலத்துக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது. காகிதத்தில் லாபம் காட்டும் நிறுவனமும் ரொக்கம் தீர்ந்தால் நின்றுவிடும். பொருளை வாங்காமல் அதன் பயனை மட்டும் வாங்கும் இந்த ஏற்பாடு புதியதும் அல்ல. 1959இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கப் பல அலுவலகங்கள் தயங்கியிருக்கும். மாதம் 95 டாலருக்கு லீசில் கிடைத்ததால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. ஐபிஎம் நிறுவனம், துளையிட்ட அட்டைகளைப் படித்துக் கணக்கிடும் தன் அட்டவணை இயந்திரங்களை நெடுங்காலம் வாடகைக்கு மட்டுமே கொடுத்துவந்தது; 1956இல் அமெரிக்க அரசுடன் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகே அவற்றை விற்கவும் வேண்டியதாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உற்பத்தியாளர் விற்பதைவிட வாடகைக்கு விடுவதையே விரும்பினார் என்றால், அதில் அவருக்கு ஆதாயம் இருந்தது என்று பொருள். லீஸ் என்பது யாரும் நமக்குச் செய்யும் உதவி அல்ல என்ற எண்ணத்தோடு ஒப்பந்தத்தைக் கையில் எடுப்பது நல்லது.

எதை லீசுக்கு எடுப்பது என்று முடிவு செய்ய நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல், அந்தப் பொருள் எவ்வளவு காலம் நமக்குத் தேவைப்படும் என்பதும், அது எவ்வளவு காலம் விலைமதிப்போடு இருக்கும் என்பதும்தான். கணினிகள் மூன்று ஆண்டுகளில் பழையனவாகிவிடும் என்பதால் அவற்றுக்கு 36 மாத லீஸ் பொருந்தியது. மில்லிங் இயந்திரம் சரியாகப் பராமரித்தால் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். அதற்கு 60 மாத லீஸ் எடுத்தாலும் முடிவில் அது பயனுள்ள பொருளாகவே இருக்கும். காற்றழுத்தக் கம்ப்ரசரைப் பழையதாகப் பார்த்து வாங்கிவிட்டோம். அதை லீசுக்கு எடுப்பதற்கான ஆவணச் செலவே அதன் விலையில் கணிசமான பங்காக இருந்திருக்கும். எங்கள் வேலைக்கென்றே வடிவமைத்த பிடிமானங்களையும் அச்சுகளையும் எந்த லீஸ் நிறுவனமும் ஏற்கவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது, ஏனெனில் நாங்கள் கடையை மூடினால் அவற்றை வேறு யாருக்கும் விற்க முடியாது. இதையே திருப்பிப் போட்டால் ஒரு பயனுள்ள குறிப்பு கிடைக்கிறது: ஒரு பொருளுக்கு மறுவிற்பனைச் சந்தை எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு லீஸ் நிறுவனத்துடன் பேரம் பேச நமக்கு இடம் இருக்கிறது.

கைவசம் உள்ள வேலை ஆணையின் காலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பதினெட்டு மாதத்துக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் வேலை தருகிறார் என்பதற்காக ஐந்தாண்டு லீசில் கையெழுத்திடுவது, மீதி நாற்பத்திரண்டு மாதங்களுக்கு நம்முடைய நம்பிக்கையை மட்டுமே ஈடாக வைப்பதாகும். அப்படிப்பட்ட நிலையில் வேறொரு பட்டறையின் இயந்திர நேரத்தை மணிக்கணக்கில் வாங்கி வேலையை முடித்துக் கொடுப்பது லாபத்தைக் குறைத்தாலும் தூக்கத்தைக் கெடுக்காது. பயன்பாட்டுக்கு ஏற்பப் பணம் என்ற முறை பெரிய தொழில்களிலும் உண்டு. விமான எஞ்சின்களுக்கு 'மணிக்கணக்கில் சக்தி' என்ற பெயரில் பறந்த நேரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்கும் பராமரிப்புத் திட்டத்தை பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962இலேயே கொண்டுவந்தது, பின்னர் ரோல்ஸ் ராய்ஸ் அதை வளர்த்தெடுத்தது. இன்று சில அச்சு இயந்திரங்களுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் இதே பாணியில் ஒப்பந்தம் கிடைக்கிறது. விற்பனை ஏறி இறங்கும் தொடக்க நிறுவனத்துக்கு இது ஏற்றதுதான், ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பார்த்துவிட வேண்டும். அந்த எண் பெரியதாக இருந்தால் அதுவும் சாதாரண லீஸ்தான்.

லீசில் இரண்டு பெரிய வகைகள் இருப்பதைப் பலரும் அறிவார்கள், எனவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைனான்ஸ் லீஸ் என்பது பெயரில் குத்தகை, செயலில் கடன். முழு விலையையும் வட்டியோடு கட்டி முடித்த பிறகு பெயரளவுத் தொகைக்குப் பொருள் நம்முடையதாகிவிடும். ஆப்பரேட்டிங் லீஸில் பொருளின் ஆயுளில் ஒரு பகுதிக்கு மட்டும் வாடகை கட்டுகிறோம்; முடிவில் திருப்பிக் கொடுக்கலாம், நீட்டிக்கலாம், அல்லது அன்றைய சந்தை மதிப்புக்கு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது வகையில் தவணை குறைவாக இருக்கும், அதனாலேயே அது மலிவு என்று தோன்றும். பொருளை நிச்சயமாக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றால் அந்தத் தோற்றம் பொய்த்துப்போகும்.

தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டியைக் கண்டுபிடிப்பதற்குக் கணக்காளர் தேவையில்லை, கணினியில் ஒரு விரிதாள் போதும். இயந்திரத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3.40 வீதம் 36 தவணைகள், முடிவில் பொருள் நமக்கு என்பது ஒப்பந்தம். கட்டும் மொத்தத் தொகை 122.40. கூடுதலாகக் கட்டும் 22.40ஐ மூன்று ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.5 சதவீதம் வருகிறது, விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்வதும் இந்த எண்ணைத்தான். ஆனால் நாம் மாதாமாதம் அசலையும் அடைத்துக்கொண்டே வருகிறோம். 36 மாதமும் 100 நம் கையில் இருப்பதில்லை. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 13.6 சதவீதம். இதோடு முடிவதில்லை. முதல் தவணையை முன்கூட்டியே கட்ட வேண்டும், விலையில் 10 சதவீதத்தை டெபாசிட்டாக வைக்க வேண்டும், அந்த டெபாசிட் 36ஆம் மாத முடிவில் வட்டியில்லாமல் திரும்பி வரும் என்ற நிபந்தனைகள் சேர்ந்தால், முதல் நாளில் நமக்கு உண்மையாகக் கிடைத்த நிதி 100 அல்ல, 86.60 மட்டுமே. அதன்படி வட்டி ஆண்டுக்குச் சுமார் 17.6 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. தவணைத் தொகை ஒரு காசுகூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

விரிதாளில் முதல் வரிசையில் கைக்கு வந்ததையும், அடுத்தடுத்த வரிசைகளில் கையை விட்டுப் போவதையும் எதிர்க்குறியோடு எழுதி, ஐஆர்ஆர் (உள்ளார்ந்த வருவாய் வீதம்) என்ற சூத்திரத்தைப் போட்டால் மாத வட்டி வந்துவிடும். அதை 12ஆல் பெருக்கினால் மேலே சொன்ன எண்கள் கிடைக்கும். ஆவணக் கட்டணம், ஆய்வுக் கட்டணம், லீஸ் நிறுவனமே ஏற்பாடு செய்யும் காப்பீட்டின் பிரீமியம் எல்லாவற்றையும் அந்தந்த மாதத்தில் சேர்த்துவிட வேண்டும். எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்த தவணை கேட்ட நிறுவனம் இந்தக் கணக்கில் மிகக் கூடுதலான வட்டியோடு நின்றது. அந்தத் தாளை அச்செடுத்து மேசையில் வைத்தபோது பிரதிநிதி அதை மறுக்கவில்லை. டெபாசிட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவராகவே சொன்னார். பேரத்தில் குரலை உயர்த்துவதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

தொடக்க நிறுவனத்துக்கு வரலாறு கிடையாது என்பதால் லீஸ் நிறுவனம் வேறு பிடிமானங்களைத் தேடுகிறது. இரண்டு ஆண்டுக் கணக்குகளைக் கேட்பார்கள். இல்லை என்றால் நிறுவனர்களின் தனிப்பட்ட ஜாமீனைக் கேட்பார்கள். கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டதன் முதன்மைப் பயனே கடன் பொறுப்பு நம் வீட்டு வாசலைத் தாண்டி வராது என்பதுதான். தனிப்பட்ட ஜாமீனில் போடும் ஒரு கையெழுத்து அந்தப் பயனை இல்லாமல் செய்துவிடுகிறது. எங்களால் அதை முழுமையாகத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் இரண்டு எல்லைகளைப் போட முடிந்தது: தவணைகள் ஓராண்டு முழுதும் தவறாமல் கட்டப்பட்டால் ஜாமீன் தானாகக் காலாவதியாகும் என்பது ஒன்று, ஜாமீன் தொகை நிலுவையின் ஒரு பகுதிக்கு மட்டுமே என்பது மற்றொன்று. கேட்டால்தான் கிடைக்கும், அச்சடித்த படிவத்தில் இது இருக்காது. நிறுவனர்கள் பலர் இருந்தால் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பா, தத்தம் பங்குக்கு மட்டும் பொறுப்பா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தை விட்டு விலகிய நண்பர் ஒருவரின் ஜாமீன் ஒப்பந்தம் முடியும்வரை உயிரோடு இருக்கும் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிகிறது.

ஜாமீனைவிடச் சத்தமில்லாமல் உள்ளே வருவது ஈட்டுரிமைப் பற்று, அதாவது பாக்கிக்கு ஈடாக நம் சொத்தின் மேல் பதியப்படும் உரிமை. லீசுக்கு எடுத்த இயந்திரத்தின் மீது மட்டும் லீஸ் நிறுவனத்துக்கு உரிமை இருப்பது நியாயம். எங்களுக்கு வந்த வரைவில், நிறுவனத்தின் இருப்பில் உள்ள சரக்கு, வர வேண்டிய பாக்கி, இனி வாங்கப் போகும் சொத்து எல்லாவற்றின் மீதும் உரிமை உண்டு என்று ஒரு பத்தி இருந்தது. அப்படியே விட்டிருந்தால், பின்னாளில் நடைமுறை மூலதனக் கடனுக்கு வங்கியிடம் போகும்போது, எங்கள் பாக்கிகளின் மீது முதல் உரிமை ஏற்கெனவே வேறொருவரிடம் இருப்பதாகப் பதிவேடு காட்டியிருக்கும். ஒரு இயந்திரத்துக்காக மொத்த நிறுவனத்தையும் அடகு வைக்கத் தேவையில்லை என்று எழுதிக் கேட்டோம். வரிசை எண் குறிப்பிட்ட இயந்திரமும் அதன் துணைக்கருவிகளும் மட்டும் என்று மாற்றிக் கொடுத்தார்கள்.

நிறுவனத்தின் உரிமை மாறினால் லீஸ் முடிவுக்கு வரும் என்ற விதியும் தொடக்க நிறுவனங்களுக்கே உரிய சிக்கல். நிலைபெற்ற நிறுவனத்தில் பங்குகள் அவ்வளவாகக் கைமாறுவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கோ ஒவ்வொரு முதலீட்டுச் சுற்றிலும் பங்குக் கணக்கு மாறுகிறது. புதிய முதலீட்டாளர் உள்ளே வந்ததற்காக மீதித் தவணைகள் அனைத்தையும் ஒரே நாளில் கட்டச் சொன்னால், அந்த முதலீடே லீஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். சாதாரண முதலீட்டுச் சுற்று உரிமை மாற்றமாகக் கருதப்படாது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வைத்தோம்.

இனி இயந்திரம் வந்து இறங்கும் நாள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளைவிட ஏற்புச் சான்றில் கையெழுத்திடும் நாள் கனமானது. லீஸில் மூன்று தரப்புகள் உண்டு: விற்பவர், விலையைக் கட்டி உரிமையாளராகும் லீஸ் நிறுவனம், பயன்படுத்தும் நாம். பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, ஏற்றுக்கொண்டேன் என்று நாம் கையெழுத்திட்ட பிறகே லீஸ் நிறுவனம் விற்பவருக்குப் பணம் கொடுக்கிறது. அந்தக் கணத்திலிருந்து, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணையைக் கட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை விழித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் 2ஏ பகுதியின் 407ஆம் பிரிவு, வணிகப் பயன்பாட்டுக்கான ஃபைனான்ஸ் லீஸில் பொருளை ஏற்றுக்கொண்டதும் லீஸ் எடுத்தவரின் வாக்குறுதி மாற்ற முடியாததாகிவிடுகிறது என்றே சொல்கிறது. மற்ற இடங்களில் சட்டம் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தம் சொல்லிவிடும். இயந்திரத்தில் குறை இருந்தால் விற்பவரிடம் போய்க் கேள், என்னிடம் தவணையை நிறுத்தாதே என்பதே இதன் சாரம்.

எங்கள் மில்லிங் இயந்திரம் லாரியிலிருந்து இறங்கி, இன்னும் அடிக்கால்களில் மட்டம்கூடப் பார்க்கப்படாமல் மரச்சட்டங்களின் மேல் நின்றுகொண்டிருந்தபோதே, ஏற்புச் சான்றை அன்று மாலைக்குள் கையெழுத்திட்டு அனுப்பும்படி விற்பனையாளரின் ஆள் வலியுறுத்தினார். அவருக்கு அந்த மாத விற்பனைக் கணக்கை முடிக்க வேண்டிய அவசரம். பெட்டிகள் வெளிப்பார்வைக்குச் சேதமின்றி வந்து சேர்ந்தன என்று மட்டும் எழுதிய ஒரு பெறுகைச் சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, சோதனைத் துண்டு வெட்டி அளந்த பிறகே ஏற்புச் சான்று என்று சொன்னோம். ஒப்பந்தம் பேசும்போதே இதை எழுதி வாங்கியிருந்தோம்: இயந்திரத்தை நிறுவி மட்டம் செய்த பிறகு, ஐஎஸ்ஓ 10791-7 தரநிலையில் சொல்லியுள்ள சோதனைத் துண்டைச் சுற்றுவட்டமும் சாய்சதுரமும் உட்பட வெட்டி, அளவுகள் உற்பத்தியாளர் அறிவித்த எல்லைக்குள் இருந்தால்தான் ஏற்பு.

நிறுவியவர்கள் வெட்டுக் கருவியைச் சுழற்றும் சுழல்தண்டை அரைமணி நேரம் சூடேற விட்டார்கள். சோதனைக் கம்பியைப் பொருத்தி, அதன் மேல் நுண்ணிய விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை வைத்துக் கையால் மெல்லச் சுழற்றியபோது முள் ஏறக்குறைய அசையவில்லை. எல்லோர் முகத்திலும் நிம்மதி. ஆனால் வேகத்தை மேல் எல்லைக்கு அருகில் கொண்டுபோனபோது, சீரான ரீங்காரத்துக்கு நடுவில் விட்டு விட்டு ஓர் உரசல் ஒலி கேட்டது. சோதனைத் துண்டின் வட்டப் பகுதியில் நகத்தால் தடவினாலே தெரியும் அளவுக்கு வரிவரியாகத் தடம். முதலில் மட்டத்தைச் சந்தேகித்தார்கள், பிறகு வெட்டுக் கருவியை மாற்றிப் பார்த்தார்கள், கடைசியில் சுழல்தண்டின் பேரிங்கில் குறை என்று ஒப்புக்கொண்டு அந்தப் பகுதியையே மாற்றிக் கொடுத்தார்கள். வேலை தொடங்கச் சில வாரங்கள் தாமதமானது உண்மைதான். ஆனால் அந்தத் தாமதம் தவணை ஓடாத காலத்தில் நிகழ்ந்தது. விற்பவருக்கு இன்னும் பணம் போய்ச் சேரவில்லை என்பதால் அவர்களும் வேகமாகவே வேலை செய்தார்கள். கையெழுத்துப் போன பிறகு அதே குறையோடு அழைத்திருந்தால் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

விற்பவருக்கும் நமக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை என்பது இந்த முத்தரப்பு ஏற்பாட்டின் பலவீனமான இடம். 1988இல் ஒட்டாவாவில் கையெழுத்தான பன்னாட்டு நிதி லீஸ் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு, விற்பவர் லீஸ் நிறுவனத்துக்குக் கடமைப்பட்டிருப்பதைப் போலவே லீஸ் எடுத்தவருக்கும் கடமைப்பட்டவர் என்கிறது. ஆனால் அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் மிகச் சிலவே. ஆகவே விற்பவரின் உத்தரவாதம் முழுவதும் எங்களுக்கு மாற்றித் தரப்படுகிறது, நாங்களே நேரடியாகக் கோரலாம் என்று லீஸ் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது பாதுகாப்பு. இயந்திரத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கான உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். உரிமம் கைமாறாது என்றால் பின்னாளில் இயந்திரத்தை வாங்கினாலும் பாதி இயந்திரத்தைத்தான் வாங்கியவர்களாவோம்.

ஏற்பு நாளோடு ஒட்டிய இன்னொரு சிறிய கசிவு, இடைக்கால வாடகை. ஏற்புச் சான்று மாதத்தின் ஐந்தாம் தேதி கையெழுத்தாகிறது, ஆனால் லீஸ் காலம் அடுத்த காலாண்டின் முதல் தேதியிலிருந்து தொடங்கும் என்று படிவம் சொல்லும். நடுவில் உள்ள நாள்களுக்கு வாடகை உண்டு, அது 36 தவணைகளில் எதிலும் சேராது. முன்பு செய்த வட்டிக் கணக்கில் இதையும் ஒரு வரிசையாகச் சேர்த்தால் அதன் அளவு தெரியும். அடுத்த மாத முதல் தேதியே தொடக்கம் என்று மாற்றக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

காப்பீடு, பராமரிப்பு, இடமாற்றம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காப்பீட்டை நாமே எடுத்து, இழப்பீடு பெறுபவராக லீஸ் நிறுவனத்தின் பெயரைச் சேர்த்தால் பிரீமியம் பொதுவாகக் குறையும். விபத்தில் பொருள் அழிந்தால் கட்ட வேண்டிய தொகைக்கென ஓர் அட்டவணை இருக்கும். காப்பீட்டுத் தொகை அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். பட்டறையை வேறு கட்டடத்துக்கு மாற்றினால் எழுத்துவழி அனுமதி தேவை, மறந்துவிடக் கூடாது.

கணக்கு எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. லீஸ் எடுத்தால் கடன் உங்கள் இருப்புநிலைக் குறிப்பில் தெரியாது என்று இப்போதும் சிலர் விற்பனை பேசுகிறார்கள். 2016இல் வெளியிடப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை 16, லீஸ் எடுத்தவர் அந்தப் பயன்பாட்டு உரிமையைச் சொத்தாகவும் மீதித் தவணைகளைக் கடன் பொறுப்பாகவும் காட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டது. 12 மாதத்துக்கு மேற்படாத லீசுக்கும், புதிதாக இருக்கும்போதே குறைந்த மதிப்புடைய மடிக்கணினி போன்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. பின்னதற்கு அந்தத் தரநிலையை வகுத்தவர்கள் மனத்தில் கொண்ட அளவு சுமார் 5,000 அமெரிக்க டாலர். சிறு நிறுவனங்களுக்கு நாட்டுக்கு நாடு வேறு தரநிலைகள் பொருந்தக்கூடும். எப்படியானாலும், லீஸ் எடுக்கும் முன் வங்கியோடு ஏற்கெனவே உள்ள கடன் ஒப்பந்தத்தில் கடன் விகிதத்துக்கு வரம்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். லீஸ் அந்த விகிதத்தை உயர்த்தலாம். வரியில் எதைக் கழித்துக்கொள்ளலாம் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அதைக் கணக்காளரிடம் விட்டுவிடலாம்.

இடையில் முடித்துக்கொள்ள நினைத்தால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலானோர் கேட்பதேயில்லை. வழக்கமான படிவத்தின் விடை, மீதமுள்ள தவணைகள் அனைத்தையும் கட்டு என்பதுதான். இன்னும் நடக்காத மாதங்களுக்கான வட்டியும் அதில் அடங்கியிருக்கும். மீதித் தொகையை ஒரு குறிப்பிட்ட வட்டி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்று கேட்டு வாங்குவது சாத்தியம். இதே நிறுவனத்திடமிருந்து பெரிய இயந்திரத்துக்கு மாறினால் பழைய லீசை அபராதமின்றி முடித்துக்கொள்ளலாம் என்ற விதியும் கிடைக்கும், ஆனால் பழைய நிலுவையைப் புதிய லீசுக்குள் சேர்த்துவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்ட இயந்திரத்துக்கும் சேர்த்து நாம் தொடர்ந்து தவணை கட்டிக்கொண்டிருப்போம்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் முதல் கண்ணி அறிவிப்புக் காலம். லீஸ் முடிவதற்கு இத்தனை நாள் முன்பு, பெரும்பாலும் 90 நாளுக்குக் குறையாமலும் 180 நாளுக்கு மேற்படாமலும், எழுத்துவழி அறிவிப்பு தராவிட்டால் லீஸ் தானாகவே ஓராண்டு நீளும் என்ற வாசகம் பல படிவங்களில் உண்டு. 36 தவணைகளில் விலை முழுதும் அடைபட்ட பிறகு வரும் அந்தப் பன்னிரண்டு தவணைகள் லீஸ் நிறுவனத்துக்குத் தூய லாபம். ஆகவே அவர்கள் நினைவூட்டல் அனுப்புவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. நீட்டிப்பு மாதத்துக்கு மாதம் மட்டுமே என்று மாற்றி வாங்கினோம். அறிவிப்பு தர வேண்டிய தேதியை, பணியாள் மாறினாலும் மறையாதபடி, ஒருவருடைய கைப்பேசியில் அல்லாமல் நிறுவனத்தின் பொது நாள்காட்டியில் ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே குறித்துவிட வேண்டும்.

கணினிகளைத் திருப்பியபோது லீஸ் நிறுவனத்தின் ஆள் வரிசை எண் பட்டியலோடு வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கணினிகள் எல்லாம் இருந்தன. மின் இணைப்பிகளில் சில வேறு பிராண்டுகளாக மாறிப்போயிருந்தன, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இணைப்பிகளிலும் எண் ஒட்டிவிடுவது அதற்குப் பிறகு எங்கள் வழக்கமாயிற்று. வட்டுகளில் உள்ள தரவைத் திரும்ப எடுக்க முடியாதபடி அழிப்பது நம் பொறுப்பு. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகத்தின் எஸ்பி 800-88 என்ற வழிகாட்டி அதற்கான முறைகளை விளக்குகிறது. நகல் இயந்திரங்களுக்குள்ளும் வட்டு இருக்கும். மில்லிங் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ வாடிக்கையாளர்களின் உதிரிபாக நிரல்கள் வரிசையாக இருக்கும், அவை அவர்களுடைய ரகசியம். அதைப் பற்றி எந்த லீஸ் ஒப்பந்தமும் பேசி நான் பார்த்ததில்லை.

பெரிய இயந்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது வேறு அளவு. கழற்றுவது, கிரேன், பெட்டி கட்டுவது, லீஸ் நிறுவனம் சொல்லும் கிடங்குவரை கொண்டுசேர்ப்பது, உற்பத்தியாளரின் நிலைச் சான்று எல்லாம் நம் செலவு. எந்த ஊர்க் கிடங்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் தூரமும் அவர்கள் விருப்பம். இயல்பான தேய்மானம் என்றால் என்ன என்பதை மணிக்கணக்கிலோ அளவு விலகலிலோ எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால், ஒவ்வொரு கீறலும் விவாதத்துக்கு உரியதாகிவிடும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, மில்லிங் இயந்திரத்தைச் சந்தை மதிப்புக்கு வாங்கிவிடுவதே எங்களுக்குச் சரியாகப் பட்டது.

சந்தை மதிப்பு என்பது யார் சொல்லும் மதிப்பு என்பதில்தான் இழுபறி. லீஸ் நிறுவனம் இயந்திரம் இப்போது இருக்கும் இடத்தில், இயங்கும் நிலையில் உள்ள மதிப்பைச் சொன்னது. பழைய இயந்திர வணிகர்களிடம் நாங்கள் வாங்கிய விலைப்புள்ளிகளோ கழற்றி எடுத்துச் செல்லும் செலவைக் கழித்துக்கொண்ட மதிப்பு. இரண்டுக்கும் இடைவெளி பெரிது. ஒத்துவராவிட்டால் இரு தரப்பும் ஏற்கும் ஒரு மதிப்பீட்டாளர், கழற்றிய நிலையில், முதல் விலையில் இத்தனை சதவீதத்துக்கு மேற்படாமல் என்று தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் பேச்சு நீளவில்லை. பணத்தைக் கட்டியதும் விற்பனைச் சீட்டு வந்தது. ஆனால் பதிவேட்டில் அந்த இயந்திரத்தின் மேல் இருந்த ஈட்டுரிமைப் பற்றை நீக்கிய சான்று தானாக வரவில்லை. அது இல்லாமல் அதே இயந்திரத்தை வைத்து வங்கியிடம் கடன் கேட்க முடியாது என்பதால், எழுத்துவழி இரண்டு முறை கேட்டு அதையும் வாங்கிக் கோப்பில் சேர்த்த பிறகே டெபாசிட் கணக்கை முடித்துக் கையெழுத்திட்டோம்.